ரெண்டிஞ்சு பாயின் புது டேப்

உலகத்தில் எதையும் இரண்டிலிருந்து எண்ண ஆரம்பித்த ஒரே மனிதர் ரெண்டிஞ்சு பாய்தான். உழவர்கரையில் மரம் வாங்குகிறவர், விற்கிறவர், அறுக்கிறவர் எல்லோரும் கன அடி பார்க்க அவரைத்தான் கூப்பிடுவோம். அவருடைய துணி டேப்பின் நுனியில் முதல் இரண்டு அங்குலம் எப்போதோ அறுந்துபோனது. அதைத் தூக்கி எறியாமல், வருகிற எண்ணில் இரண்டைக் கழித்துக்கொள்வார். சுற்றளவில் இரண்டு, நீளத்தில் இரண்டு. புதிதாக ஒன்று வாங்கக்கூடாதா என்றால், "டேப்புதான அறுந்துது, கணக்கு அறுந்துடலியே" என்பார்.

பழக்கம் முற்றிப்போய், ஆஸ்பத்திரியில் வயது கேட்டதற்கு, "அறுவத்தேழு, ரெண்டு கழிச்சிக்கிங்க" என்றாராம். நர்ஸும் கழித்தே எழுதிக்கொண்டாராம்.

போன வருஷம் காற்றில் எங்கள் பலாமரம் விழுந்தது. என் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் வைத்த மரம். கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்கு அதில்தான் தலைவாசல் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நிலைக்கும் கதவுக்கும் சேர்த்து ஐந்து கன அடி வேண்டும் என்றார் ஆசாரி. பாய் வந்து அளந்தார். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, சாக்பீஸால் மரப்பட்டையிலேயே கணக்குப் போட்டார்.

"அஞ்சுக்குக் கொறயுதும்மா. ஜன்னலுக்கு வேணா அறுத்துக்கலாம்."

பாய் சொன்னால் அப்பீல் கிடையாது. மறுநாள் காலை ஜன்னல் அளவுக்குத் துண்டு போட ஆள் சொல்லிவிட்டோம். அவள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு பாய் மேல் கோபம், மரத்தின் மேல் அதைவிடக் கோபம். இன்னும் இரண்டு விரல் பருத்திருந்தால் அதற்கு என்ன கெட்டுவிடும்?

காலையில் ஆட்கள் மெஷினை இறக்கும்போது பாய் வேர்க்க விறுவிறுக்க வந்து மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கச் சொன்னாலும் எழவில்லை. விஷயம் மெதுவாகத்தான் வந்தது. பிரான்சிலிருந்து லீவில் வந்த மருமகன், மாமனாரின் டேப்பைப் பார்த்து மானம் போகிறதென்று நேரு வீதியில் புதுசு வாங்கிக் கொடுத்திருக்கிறார். எங்கள் மரத்தை அதில்தான் அளந்திருக்கிறார் பாய். பழக்கதோஷத்தில் அதிலும் இரண்டிரண்டு கழித்துவிட்டார். காலைத் தொழுகை முடித்து வரும்போதுதான் உறைத்திருக்கிறது.

"முழு டேப்புல கழிச்சிட்டேம்மா. அஞ்சரை வருது. தப்பு என்னுதுதான்" என்றார் என் மனைவியிடம்.

அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஜன்னல் நன்றாக அமைந்தது என்று நாங்களே கூப்பிட்டு டீ கொடுத்திருப்போம்.

கிரகப்பிரவேசத்தன்று பசுமாடு நுழைந்ததும், அடுத்து பாய்தான் அந்த வாசலில் நுழைய வேண்டும் என்று சொல்லிவிட்டாள் என் மனைவி. நான் அவருக்குப் பின்னால்தான் போனேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.