தாலாட்டுக் குரலில் வந்த கோபம்

இருபத்திரண்டு வயது வரை, கோபத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்றுதான் நம்பியிருந்தேன். மும்பை தாராவியில் எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் நின்று பார்த்தால் யாருக்கும் அந்த நம்பிக்கை வந்துவிடும். கோபம் என்றால் சத்தம். சத்தமில்லையா, கோபமில்லை.

இந்த ஞானத்தோடுதான் செம்பூரில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். லண்டன்காரர்கள் வீட்டில் வெந்நீர் பாய்லர் பழுதானால் எங்களிடம் புலம்புவார்கள். அவர்கள் கோபத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட வேண்டும். ஐந்து போட்டால் அன்றைக்கே மெக்கானிக் போவார். இதற்காக, வெள்ளைக்காரர்கள் வெறுத்துப்போனால் சொல்லும் நாற்பது மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்திருந்தேன். (தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அர்த்தத்தோடு ஒப்பிப்பேன்.) மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். அப்பாவின் தோல் பட்டறை மூடிக் கிடந்ததால் வீடே மகளான என்னைத்தான் நம்பியிருந்தது.

மூன்றாவது மாதம் ஒரு பெண்மணி அழைத்தார். "ஐ ஆம் அட் தி எண்ட் ஆஃப் மை டெதர், டியர்" என்றார், தாலாட்டுகிற குரலில். பொறுமையின் எல்லைக்கே வந்துவிட்டேன் என்று அர்த்தம். என் பட்டியலில் பதினேழாவது. ஆனால் எல்லைக்கு வந்தவர் இப்படியா பேசுவார்? டியர் வேறு! சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்று ஒன்று போட்டேன். அடுத்தவர் காது கிழியக் கத்தினார். ஐந்து போட்டேன். (பாய்லர் சரியாகிவிட்ட சந்தோஷத்தில் கத்தினாராம்.)

மறுநாள் சூப்பர்வைசர் ரேவதி மேடம், பரம்பரையாக மும்பை மாட்டுங்காவிலேயே வாழும் தமிழ்க் குடும்பம், அந்த ரெக்கார்டிங்கை எல்லோர் முன்னாலும் போட்டார்.

"கைக்குழந்தைய வெச்சுண்டு மூணு நாளா வெந்நீர் இல்லாம தவிக்கறா. நீ ஒண்ணு போட்டிருக்கே?"

"அவங்க கத்தலியே மேடம்..."

"அவா கத்த மாட்டா. குரல் இறங்கினா கோபம் ஏறறதுன்னு அர்த்தம். நீயே பேசி மன்னிப்புக் கேளு. அவ புகார் எழுதிக் குடுத்துட்டா உன் வேலைய என்னால காப்பாத்த முடியாது."

அழைத்தேன். "இட்ஸ் ஆல்ரைட், டியர்" என்றார், முன்னைவிட மெதுவாக. நாற்பதில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நேராகவே கேட்டேன்: "மேடம், உங்கள் கோபம் இப்போது ஒன்றா, ஐந்தா? எங்கள் ஊரில் கத்தினால்தான் எங்களுக்குத் தெரியும்."

மறுமுனையில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதற்கு நடுவே அவர் சிரித்துவிட்டார்.

"ஏழு" என்றார்.

அன்றே மெக்கானிக் போனார். அந்தப் பெண்மணி புகார் எழுதவில்லை. வேலை தப்பியது. அந்தக் குழந்தையை நினைத்து பாத்ரூமில் நின்று அழுதேன்.

இன்று எனக்கே இரண்டு பையன்கள். நான் கத்தினால் இருவரும் டிவியிலிருந்து தலையைக்கூடத் திருப்புவதில்லை. "கண்ணு, கொஞ்சம் இங்க வர்றீங்களா?" என்று மெதுவாகக் கூப்பிட்டால் போதும், என் அம்மா பதறி எழுந்துவிடுவாள்.

"எலே, ஓடுங்கலே! உங்கம்மைக்கு ஏழு ஆயிட்டு!"