ஆறாவது மாடி முத்திரை

"மேனேஜர் கையெழுத்து இல்லாம சம்பளச் சான்றிதழ் தர முடியாது," என்றார் ஆறாவது மாடியில் கணக்கு பார்க்கும் அம்மா.

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. ஆறு மாடியும் படியேறி வந்திருந்தார். அந்த மரச்சாமான் கடையின் லிஃப்ட் நின்று ஒரு மாதமாகிறது. அதைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவர் அவர்தான். சம்பள உயர்வு கேட்டுக் கிடைக்காமல், "இனிமே இந்த லிஃப்ட் மேல கை வச்சா நான் மனுஷனே இல்ல" என்று ஊரே கேட்கக் கத்திவிட்டு வேலையை விட்டவரும் அவரேதான்.

இந்தச் சான்றிதழை வைத்து வருமான வரிக் கணக்கு காட்ட அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குள் காட்டி, அந்த ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வங்கியில் வீட்டுக் கடன். கடன் கிடைத்தால்தான் மச்சான் வீட்டிலிருந்து விடுதலை. மச்சான் நல்லவர்தான். ஆனால் ஃபேன் ஓடும் அறைக்கெல்லாம் வந்து நின்று முதலில் ஃபேனைப் பார்ப்பார். பிறகு மெக்கானிக்கைப் பார்ப்பார்.

"தாளைக் குடுங்கம்மா. கீழ போய் வாங்கிட்டு வரேன்."

"தாள் இந்த மாடியை விட்டு இறங்கக் கூடாது." மேசைக் காலோடு சங்கிலியில் பூட்டியிருந்த ரப்பர் முத்திரையைக் காட்டினார் அந்த அம்மா. "ஒரு தடவை இது காணாமப் போச்சு. அதுலேர்ந்து மேனேஜர் உத்தரவு. முத்திரைக்கு முன்னாலதான் கையெழுத்து. அவர்தான் மேல வரணும்."

மெக்கானிக் இறங்கினார். தரைத்தளத்தில் மேனேஜர், விற்பனைக்கு வைத்திருந்த சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக் கிடந்தார்.

"வாப்பா! கையெழுத்துதானே, தாராளமாப் போடறேன். ஆனா முழங்கால் வலி, படியேற முடியாது. லிஃப்ட் மட்டும் ஓடினா..."

"லிஃப்ட் பேச்சே எடுக்காதீங்க சார்."

"சரி, எடுக்கலை." மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, வாங்கியாச்சா? மத்த கட்டமெல்லாம் நிரப்பிட்டேன். அண்ணன் பக்கத்துல உக்காந்து கடிகாரத்தையே பாத்துட்டிருக்கார்."

"இதோ, கையிலயே இருக்கு."

"அப்ப போட்டோ எடுத்து அனுப்புங்க."

மெக்கானிக் அவசரமாகப் போனை அணைத்தார். பொய் சொல்லியாகிவிட்டது. இனி மேனேஜர் மேலே போயே ஆகவேண்டும்.

சுமை தூக்கும் ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்து, நாற்காலியோடு மேனேஜரைத் தூக்கச் சொன்னார். மேனேஜரும் மறுக்கவில்லை, ஓசிப் பல்லக்கை யார் மறுப்பார்கள்? ஆனால் இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே நாற்காலி மாட்டிக்கொண்டது. முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை. மேல்மாடியில் கட்டில் பார்க்கப்போன குடும்பம் இறங்க வழியில்லாமல் கத்த ஆரம்பித்தது.

"காலை அறுத்தா வெளிய எடுத்துடலாம்," என்றார் சுமை தூக்குபவர்.

"இருய்யா! முதல்ல என் காலை மடக்கிக்கறேன்!" என்று அலறினார் மேனேஜர்.

மணி நான்கு. மெக்கானிக் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கருவிப் பையைத் திறந்தார். லிஃப்ட் கதவோரத்தில் மின்சாரம் தொடும் பித்தளைத் தகடு கறுத்திருந்தது. பதினோரு வருடமாக அவர் தேய்த்த அதே இடம். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கதவை முழங்காலால் ஒரு தட்டு. லிஃப்ட் முனகிக்கொண்டே எழுந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டது கேவலமாகவும் இருந்தது.

நாற்காலிக்கு ஒரு கால் போய் மேனேஜர் மீண்டார். லிஃப்ட்டில் ஏறியதும் தரைத்தளப் பொத்தானை அமுக்கினார்.

"சார், முத்திரை மேல இருக்கு!"

"வாட்ச்மேனைப் பாருப்பா," என்றார் மேனேஜர்.

வாசலில் வாட்ச்மேன், லிஃப்ட் கதவு திறந்து மூடுவதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கவர்க் கட்டை எடுத்து, அதில் ஒன்றை உருவிக் கொடுத்தார். உள்ளே சான்றிதழ். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன.

மெக்கானிக் படமெடுத்து அனுப்பினார். "ஏத்தியாச்சு! ரசீது வந்துடுச்சு!" என்று மனைவி பதில் போட்டாள். அதன் பிறகுதான் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தார்.

"யோவ், இது எப்ப வந்துச்சு?"

"மூணு வாரமாச்சுண்ணே, லிஃப்ட் ஓடினதும் குடுக்கச் சொன்னாங்க," என்ற வாட்ச்மேன் அடுத்த கவரை எடுத்துத் தூசி தட்டினார். "வழியில நம்ம பழைய பிளம்பரைப் பாத்தா வரச் சொல்லுங்க, மூணாவது மாடியில குழாய் ஒழுகுது."