பேய் மாதத்துக்கு முன் விற்ற வீடு

புக்கிட் மெர்தாஜாம்,
பேய் மாதம், ஏழாம் நாள்.

மரியாதைக்குரிய மைத்துனர் ஊய் சின் தியோங் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் காவ் பூன் லியாட் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை சுவானும் நலம். என் முழங்கால்கள் மட்டும் நலமில்லை. நீங்களும் உங்கள் கூண்டுப் பறவைகளும் நலமாகவே இருப்பீர்கள். அடுத்தவன் வீட்டுக்கு யோசனை சொல்கிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

மாடிப்படி ஏற முடியாமல் இந்த வீட்டை விற்றதும், தைப்பிங்கில் மாடியில்லாத வீட்டுக்கு முன்பணம் கட்டியதும் உங்களுக்குத் தெரியும். விற்ற பணம் முழுதாகக் கைக்கு வந்தால்தான் மீதியைக் கட்ட முடியும், இல்லையென்றால் முன்பணமும் போய்விடும். "பேய் மாசம் பொறந்துட்டா ஒருத்தனும் வீடு வாங்க மாட்டான், அதுக்குள்ள கையெழுத்தப் போட்டுத் தள்ளுங்க" என்று தினமும் போன் செய்தது நீங்கள்தான். அலறியடித்துக்கொண்டு தள்ளிவிட்டோம். இப்போது வரி அலுவலகத்தில் சொல்கிறார்கள், வாங்கி ஐந்து வருடம் முடிந்தபிறகு விற்றிருந்தால் லாபத்துக்கு ஒரு காசு வரி இல்லையாம். முடிவதற்குப் பத்து நாள் இருக்கும்போது விற்றதால் லாபத்தில் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துவைக்க வேண்டுமாம். இந்த மாதம் முழுக்கத் தெருவில் அலையும் பசித்த ஆவிகளுக்கு ஆரஞ்சும் ஊதுபத்தியும் வைத்தால் போதும், இவர்களுக்கு அது போதவில்லை.

சரி, லாபத்தையாவது குறைத்துக் காட்டுவோம் என்று பார்த்தேன். என் பிறந்த வருடத்துக்கு இந்த வாசல் ஆகாது என்று நீங்கள் கூட்டிவந்த, வீட்டுக்குத் திசை பார்க்கும் சின்சே வாசலையே திருப்பச் சொன்னாரே, அதில் கொத்தனார் ரசீதைக் கழித்தார்கள். சின்சேவுக்குச் சிவப்பு உறையில் வைத்துக் கொடுத்த காணிக்கைக்கும் ரசீது கேட்டார்கள். சிவப்பு உறைக்கு எவனாவது ரசீது எழுதுவானா? பத்திரத்தில்கூட என் பெயர் வரக்கூடாது என்று சுவான் பெயரைப் போடவைத்த புண்ணியவானும் அவர்தான். போகட்டும், பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, காசு போட்டது நான்.

அடுத்து, நீங்கள் வாங்கச் சொன்ன கையுறைக் கம்பெனிப் பங்குகள். உலகமே கையுறை மாட்டிய காலத்தில் உச்சத்தில் வாங்கி, கழற்றிய காலத்தில் பாதாளத்தில் விற்றேன். அந்த நஷ்டத்தை இந்த லாபத்தில் கழிக்கச் சொன்னேன். அலுவலகப் பெண் நோர்லைலா பொறுமையாகத்தான் பேசினாள்.

"அங்கிள், பங்குல லாபம் வந்திருந்தா எங்களுக்கு வரி கட்டியிருப்பீங்களா?"

"அதுக்குத்தான் வரியே கிடையாதே."

"அப்ப நஷ்டத்த மட்டும் எதுக்கு எங்ககிட்ட தூக்கிட்டு வர்றீங்க?"

கடைசியாக, குடியிருந்த வீட்டை விற்றால் ஆயுளுக்கு ஒருமுறை வரிவிலக்கு உண்டு என்றாள். எனக்கு உயிரே வந்தது. ஆனால் அதையும் என் பெயரில் இருந்த பழைய ஃபிளாட்டை விற்றபோது, ஒரு மாத மளிகைக்குக்கூடக் காணாத வரிக்காக வாங்கித் தீர்த்துவிட்டேன். "சும்மா கெடைக்கறத விடுவாங்களா?" என்று அன்று சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்?

ஆகவே இந்த வரியை நீங்களே கட்டிவிடுங்கள். இல்லையென்றால் இனி என் வீட்டு வாசற்படியை மிதிக்கவேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் பறவைகள் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
காவ் பூன் லியாட்

பி.கு.: இதைச் சுவானிடம் படித்துக் காட்டினேன். கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "வீடு யார் பேர்ல இருக்கு?" என்றாள். "உன் பேர்லதான், அதுக்கென்ன" என்றேன். "அப்ப வித்தது யாரு? நான் எப்ப அந்த ஆயுசுச் சலுகைய வாங்கினேன்?" என்று கேட்டுவிட்டு, நோர்லைலாவுக்குப் போன் போட்டாள். சுவான் சொல்வதுதான் சரியாம், வரி இல்லையாம். "நீங்க 'என் வீடு, என் வீடு'ன்னே பேசினீங்க அங்கிள்" என்று அந்தப் பெண் சிரித்தது எனக்கே கேட்டது. விற்ற பணம் சுவான் கணக்குக்குத்தான் வருகிறது, தைப்பிங் வீடும் அவள் பெயரில்தானாம். முன்பக்க அறை உங்களுக்கு என்று எழுதச் சொல்கிறாள். என் வீட்டு வாசற்படியை மிதிக்கவேண்டாம் என்று மேலே எழுதியதைப் பொருட்படுத்தாமல் வாருங்கள். எனக்கு வீடு எதுவும் இல்லையாம்.