காக்கை ராஜாவான பேக்கப்

ஒரு காட்டில், காடு என்றால் வெறும் காடுதான், எங்கள் ஆபீஸைச் சொல்கிறாய் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம், ஒரே ஒரு குளம் இருந்தது. அதைச் சுற்றி வேலி. வேலிக்கு ஒரு கதவு. யாருக்கு எப்போது கதவு திறக்கும் என்பதை ஒரு சர்வர் முடிவு செய்தது. சிங்க ராஜாவுக்கு நாள் முழுக்கத் திறக்கும். மான், முயல், கீரிக்கெல்லாம் உச்சி வெயிலில் கொஞ்ச நேரம். மான்கள் போய் முறையிட்டதற்கு, கதவு சொன்னதே சட்டம் என்று சிங்கம் அறிவித்துவிட்டது.

அந்தக் காட்டில் நப்பின்னை என்றொரு கீரி, கணினிப் படிப்பில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்காக சர்வர் அறைக்கு வந்தவள், இயக்குநர் கரடியிடம் முதல் நாளே கேட்டாள், கோடையில் இந்த சர்வர் படுத்துவிட்டால் கதவை யார் திறப்பது, அத்தனை பேரும் தாகத்தில் சாவதா என்று.

"பேக்கப் சர்வர் இருக்கேம்மா. பச்சை லைட் எரியுது பாரு."

"லைட் எரிஞ்சா கரண்ட் வருதுன்னுதான் சார் அர்த்தம். உள்ளே ஒண்ணுமே இல்லை. பார்த்துட்டேன்."

கரடிக்குத் தூக்கம் கலைந்ததில் கோபம். நிஜ சர்வரில் கை வைக்கக் கூடாது என்றது. நப்பின்னை விடவில்லை. விர்ச்சுவல் மெஷின் ஒன்று வைத்துக்கொள்கிறேன், கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினி, அதை உடைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை, அழித்துவிட்டு பேக்கப்பிலிருந்து திரும்ப வருகிறதா என்று பார்க்கலாம் என்று வாதாடினாள். மூன்றாவது முறை அவள் அதையே ஆரம்பித்தபோது கரடி சம்மதித்தது.

சம்மதித்ததே தவிர, மெமரியைத் தன் சொந்தத் தேனைப் போல அளந்து கொடுத்தது. பொய்க் கணினி எழுந்து உட்காரவே மூச்சு வாங்கியது. நப்பின்னை இன்னும் கொஞ்சம் சண்டை போட்டு வாங்கினாள். ஹார்ட் டிஸ்க்கில் இடம் ஒதுக்கினாள். அது பேக்கப் சர்வரோடு மட்டும் பேசும்படியும், நிஜக் கதவோடு பேசாதபடியும் நெட்வொர்க்கை அமைத்தாள். பிறகு சோதிப்பதற்கு நிஜத் தகவலைக் கேட்டாள்.

ராஜ ரகசியத்தைப் பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் கொடுப்பார்களா என்று கரடி சிரித்தது.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை. தானே தகவல் எழுதினாள். ராஜா: நொண்டிக் காக்கை. சிங்கம்: விண்ணப்பம் பரிசீலனையில். மற்றவர்களை ஒவ்வொருவராக அடிக்கச் சலிப்பாக இருந்ததால், மற்ற எல்லாரும்: எப்போது வேண்டுமானாலும்.

அதை பேக்கப் எடுத்தாள். பொய்க் கணினியை அடியோடு அழித்தாள். திரும்பக் கொண்டுவந்தாள். காக்கை கம்பீரமாக ராஜாவாகவே திரும்பி வந்தது. சோதனை வெற்றி. கரடிக்குப் பதவி உயர்வு.

இதைத் துடைத்துவிட்டு இனி நிஜத் தகவலை பேக்கப் எடுக்க வேண்டும், அனுமதி கொடுங்கள் சார் என்று நப்பின்னை நின்றாள்.

"பாஸான பரீட்சைக்கு மறுபடி எதுக்கும்மா படிக்கிறே?" என்று கேட்டுவிட்டுக் கரடி திரும்பிப் படுத்தது.

கோடை வந்தது. ஒரு காட்டுப்பன்றி, முதுகு அரிக்கிறதே என்று நிஜ சர்வரில் போய் உரசியது. சர்வர் செத்தது. கதவு மூடிக்கொண்டது. வேலிக்கு வெளியே காடே நாக்கைத் தொங்கப்போட்டு நின்றது. கரடி கொஞ்சமும் பதறாமல், எல்லாரும் பார்க்கும்படி பேக்கப் பொத்தானை அழுத்தியது.

கதவு திறந்தது. மான் போனது, முயல் போனது, பன்றியும் போனது. சிங்கம் பாதத்தை வைத்ததும் கதவு மூடிக்கொண்டு, தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று பணிவாகச் சொன்னது. சிங்கம் கர்ஜித்தது. கதவு அதே பணிவோடு அதையே சொன்னது.

காவலுக்கு நின்ற செந்நாய்களுக்கு முகம் பார்த்துப் பழக்கமில்லை. கதவில் இருந்த திரையைப் பார்த்தன. வேலிக்கு மேலே பறந்து போய் எப்போதும் போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நொண்டிக் காக்கைக்கு சல்யூட் அடித்தன. காக்கை ஒரு நிமிடம் குழம்பியது. அடுத்த நிமிடம் தெளிந்து, முதல் ஆணை போட்டது: இன்று முதல் தினமும் தவறாமல் பேக்கப் எடுக்க வேண்டும்.

நப்பின்னைக்குத்தான் மனசு ஆறவில்லை. இது சோதனைத் தகவல், இதை வைத்து ஒரு காட்டை நடத்துவது அநியாயம், முறைப்படி சரியானதைத் தேடி ஏற்ற வேண்டும் என்று குளக்கரையில் நின்று வாதாடினாள்.

வாய் நனைந்த மான் ஒன்று நிமிர்ந்தது. "சரியானது இருந்தப்போ நாங்க உச்சி வெயில்ல நின்னோம்க்கா. பேசாம தண்ணியைக் குடி."

நப்பின்னை குனிந்து குடித்தாள். தப்பான தகவலில் வந்த தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

நீதி: சோதனைக்கு எழுதும்போதும் உங்களுக்குப் பிடித்தவரையே ராஜாவாக எழுதுங்கள். சோதித்துப் பார்த்தது மட்டும்தான் திரும்பி வரும்.