வெள்ளத்தில் ஒரு சீர்த்தட்டு

மழை எவ்வளவு பெய்தால் மாமியாரை எழுப்பலாம்?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. எம்.எஸ்ஸி. படித்திருக்கிறேன். மேகம் எப்படி உருவாகிறது, மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஏன் இடைவெளி என்றெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போர்டில் படம் வரைந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தூங்குகிற அத்தையின் கதவைத் தட்ட எத்தனை மழை வேண்டும் என்பதை மட்டும் எந்தப் பாடத்திலும் வைக்கவில்லை.

எங்கள் வீடு கருமத்தம்பட்டியைத் தாண்டி ஒரு லேஅவுட்டில் இருக்கிறது. தரைத்தளம் மட்டும். பின்னால் ஒரு பள்ளம் (எங்கள் பக்கம் ஓடைக்கு அதுதான் பேர்). வருஷம் முழுக்க காய்ந்து கிடக்கும். சீமைக்கருவேலமும், தறிப்பட்டறைகளில் கொட்டும் பஞ்சும், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டும்தான் அதில் ஓடும். ஆனாலும் அது ஓடை. அதை மறக்க என்னால் முடியவில்லை. மகன் மகிழன் பிறந்த பிறகு சுத்தமாக முடியவில்லை.

அதனால் ஒரு பை தயார் செய்தேன். காந்திபுரத்தில் துணி எடுத்தபோது கொடுத்த பெரிய கட்டைப்பை. பால் பவுடர், டயப்பர், காய்ச்சல் மருந்து, டார்ச், பிஸ்கட், துண்டு, பிளாஸ்டிக் கவரில் ஆதார் அட்டைகள். என் கணவர் அதைப் பார்த்து, "ஹனிமூனுக்குக்கூட இவ்வளவு எடுத்துட்டுப் போகலையே" என்றார். அவர் தேயிலை ஃபேக்டரி மெஷின்களைப் பழுது பார்ப்பவர். வாரத்தில் பாதி நாள் வால்பாறையில் இருப்பார். பேசுவதற்கு என்ன.

பை தயார். நானும் தயார். மழைதான் ஒத்துழைக்கவில்லை.

முதல் தடவை நான் அத்தையை எழுப்பியபோது அது வெறும் தூறல். மகிழனுக்கு ஷூ மாட்டி, மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளத்துக்காகக் காத்திருந்தோம். விடிந்தது. இரண்டாம் தடவை தண்ணீர் இரைச்சலை நானே என் காதால் கேட்டேன். அது எதிர்வீட்டு சாந்தாமணி அக்காவின் மொட்டைமாடித் தொட்டி நிறைந்து வழிந்த சத்தம்.

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "அம்மணி, அடுத்த தடவை தொட்டி நெறஞ்சா மோட்டாரை நிறுத்தச் சொல்லு கண்ணு, என்னை எழுப்பாதே" என்று மட்டும் சொன்னார். பிறகு அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

இதோடு இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். சாந்தாமணி அக்கா வீட்டுக்கு நாங்கள் போவதில்லை. எங்கள் தெருவிலேயே மாடி உள்ள வீடு அது ஒன்றுதான். கிரகப்பிரவேசத்துக்கு ஊரெல்லாம் நேரில் போய் அழைத்துவிட்டு, எதிர்வீடுதானே என்று எங்களுக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அத்தை அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து தெருவில் பார்த்தால் சிரிப்பு உண்டு, வாசல் மிதிப்பது கிடையாது.

அப்புறம் அந்த ராத்திரி வந்தது. மறுநாள் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். கணவர் வால்பாறையில். போனில் சிக்னல் இல்லை. மின்னல் வெட்டி முடிப்பதற்குள் இடி விழுந்தது. (அப்படியென்றால் பக்கத்தில் விழுகிறது என்று அர்த்தம். பாடம் நடத்தியவள் நான்.) கரண்ட் போனது. மெயின் சுவிட்சை அப்போதே அணைத்துவிட்டேன். அன்று நேரத்தோடு செய்த காரியம் அது ஒன்றுதான்.

பின்பக்கத்திலிருந்து தண்ணீர் இரைச்சல் கேட்டது. அத்தையின் கதவு வரை போனேன். கையைத் தூக்கினேன். 'தொட்டியாக இருந்தால்?' கையை இறக்கினேன். திரும்பி வந்து மகிழன் பக்கத்தில் படுத்தேன். எழுந்தேன். மறுபடி போனேன். மறுபடி தூக்கினேன். கரண்ட் இல்லாதபோது மோட்டார் எப்படி ஓடும், தொட்டி எப்படி நிறையும் என்று என் எம்.எஸ்ஸி. மூளைக்கு எட்டவே இல்லை.

கடைசியில் முடிவெடுத்தது என் செருப்புதான். எங்கள் வீட்டில் செருப்பு வாசல் தாண்டி உள்ளே வரக் கூடாது. அத்தை கறாராக இருப்பார். போன் வெளிச்சத்தில் பார்த்தால், பின்வாசலில் விட்டிருந்த என் செருப்பு ஹாலுக்குள் நிதானமாக மிதந்து வந்துகொண்டிருந்தது.

"அத்தை, எந்திரிங்க."

கதவு திறந்தது. அத்தை கீழே பார்த்தார். "செருப்பை ஆரு உள்ள உட்டது?" என்றார்.

"தண்ணி வந்துருச்சுங்க அத்தை."

"தொட்டியா?"

"பள்ளமுங்க."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மகிழனை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டார். பின்பக்கம் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. முன்வாசலில், தெரு மேடு என்பதால், இன்னும் கணுக்கால்தான். போவதென்றால் இப்போதே போக வேண்டும். எதிர்வீட்டு மாடியிலிருந்து டார்ச் அடித்து சாந்தாமணி அக்கா கத்தினார்: "அக்கா, மேல வாங்க, சீக்கிரம் வாங்க."

அத்தை வாசல்படியில் நின்றுவிட்டார்.

"அத்தை, போலாமுங்க."

"கூப்பிடாத ஊட்டுக்கு எப்படி அம்மணி போறது?"

"கூப்பிடறாங்களே அத்தை, அதோ."

"மாடியில நின்னுட்டுக் கூப்பிட்டா? அதுக்கு வாட்ஸ்அப்பே தேவலை."

மின்னல் வெளிச்சத்தில் தெரு முழுக்கத் தண்ணீர் பளபளத்தது. கணுக்கால் கெண்டைக்கால் ஆகிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக அத்தையிடம் குரலை உயர்த்தலாமா என்று யோசித்தேன். (யோசித்தேன். அவ்வளவுதான்.) அதற்குள் சாந்தாமணி அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். பின்னாலேயே அவர் வீட்டுக்காரர். தண்ணீரில் நின்றபடி, கொட்டுகிற மழையில், அக்கா கைகூப்பினார்.

"ஏனுங்க அக்கா, அன்னைக்கு நேர்ல வராதது என் தப்புதானுங்க. இப்ப நேர்ல வந்து கூப்பிடறேன். ஊட்டுக்கு வாங்க."

"இப்படிக் கூப்பிட்டா வராம இருப்பமா? வாரேன்" என்றார் அத்தை. மகிழனை அந்த அண்ணன் தோளில் ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அம்மணி, பையை எடுத்துக்க."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே நான் இத்தனை மாதமாகக் காத்திருந்தேன். இருட்டில் பாய்ந்து போய், மேசை மேலிருந்த கட்டைப்பையைத் தூக்கினேன். ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்து, அடிமேல் அடி வைத்துத் தெருவைக் கடந்தோம். பாதி வழியில் என் கால் வழுக்கியது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு உடைந்தது. பையை மட்டும் நான் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன், வெள்ளத்தண்ணீர் ஒரு சொட்டுப் படாமல்.

மாடி ஏறியதும் அக்கா துண்டு தேட ஓடினார். "வேண்டாமுங்க அக்கா, என்கிட்ட எல்லாமே இருக்கு" என்று பெருமையோடு பையைத் திறந்தேன்.

எவர்சில்வர் தட்டு. தேங்காய். வெற்றிலை பாக்கு. மஞ்சள், குங்குமம். ஒரு சீப்பு வாழைப்பழம். கல்கண்டு. அரக்குப் பட்டுப்புடவை. வேட்டி, துண்டு.

மறுநாள் கல்யாணத்துக்காக அத்தை கட்டி வைத்திருந்த சீர்ப்பை. அதுவும் அதே கடையில் கொடுத்த அதே கட்டைப்பைதான்.

தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அக்கா தட்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இந்த மழையிலயும் மொறையோட வந்திருக்கீங்களேங்க அக்கா" என்றார்.

அத்தை கண்ணிமைக்கவில்லை. "பின்னே? மொதத் தடவை ஊடு மிதிக்கறோம். வெறுங்கையோடவா வருவாங்க?" என்று சொல்லி, தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

மகிழனைக் கல்யாணத் துண்டால் துடைத்தோம். மாப்பிள்ளை வேட்டியை இடுப்பில் சுற்றிவிட்டோம். வாழைப்பழம் தின்று, கல்கண்டைக் கடித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

விடிந்ததும் தண்ணீர் வடிந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தோம். பின் காம்பவுண்ட் சுவர் எங்கள் படுக்கையறை ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்திருந்தது. மகிழன் படுத்திருந்த இடத்தில் கற்களும் சேறும். நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை பக்கத்திலேயே நின்றார். என் பை மேசை மேல் சுகமாக இருந்தது. வீட்டிலேயே நனையாத பொருள் அது ஒன்றுதான்.

கணவருக்கு லைன் கிடைத்ததும் அத்தை போனை வாங்கிச் சொன்ன முதல் வாக்கியம் இது: "உம் பொண்டாட்டி என்னை எழுப்பிப்போட்டா சாமி. நல்லவேளை."

இப்போது மேகம் கருத்தால் போதும், கணவர் வால்பாறையிலிருந்து போன் போட்டுக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தேங்காய் எடுத்தாச்சா?" மகிழனுக்கு மழை என்றால் வாழைப்பழம். எதிர்வீட்டுத் தொட்டி இன்னமும் வழிகிறது. போன வாரமும் அத்தையை எழுப்பினேன். காது கொடுத்துக் கேட்டார். "தொட்டி" என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டே, "இருந்தாலும் எழுப்பு" என்றார். ஆகையால் இனி தூறலுக்கும் எழுப்புவதாகவே இருக்கிறேன். எவ்வளவு மழை என்பதற்குச் சரியான கணக்கு தெரிந்தவர்கள் சொல்லலாம், அதுவரை இதுதான் எங்கள் வீட்டு நடைமுறை.

என் அவசரமான சந்தேகம் வேறு. என் பையில் ஒரு தேங்காயும் இருந்தே ஆக வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு. அது மாதாமாதம் அழுகி, ஆதார் அட்டை வரை நாற்றம் அடிக்கிறது. கெட்டுப்போகாத, கனமில்லாத, நடுராத்திரியில் ஒரு வீட்டுக்குள் முதன்முதலாக நுழையும்போது மரியாதையாகக் கையில் கொடுக்கக்கூடிய பொருள் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால், அடுத்த மழைக்குள் தயவுசெய்து எழுதுங்கள்.