நான்காவது முடிச்சு

ஒன்பது வாசல்கள் வைத்துக் கட்டிய நாடு ஒன்று இருந்தது. உச்சியில் இரண்டு சாளரம் வைத்த அரண்மனை, கீழே சிவப்பு ஆறு, ஆற்றோரமெங்கும் வீடுகள். அந்த வீடுகள் இருபது வகைக் கற்களால் ஆனவை. பதினொரு வகையை நாட்டுச் சூளைகளே சுட்டுக் கொடுத்தன. மீதி ஒன்பது வகை, துறைமுக வாசல் வழியே படகில் வந்தால்தான் உண்டு.

எந்த வீடும் அங்கே நெடுநாள் நிற்பதில்லை. ஓலையில் உள்ள வரிசைப்படி கற்களைக் கோத்துக் கட்டுவார்கள். சுவர் கோணிவிட்டால் பிரித்து, அதே கற்களை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கோணலைக் கண்டுபிடிக்கும் வேலை குமுதவல்லிக்கு. சுவரைத் தட்டிப் பார்ப்பாள். ஓசை பிசகினால் வாசலில் நூல் கட்டி நான்கு முடிச்சுப் போடுவாள். நான்காவது முடிச்சு விழுந்துவிட்டால் பிரிக்கிற ஆட்கள் வந்துவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டை யாராலும் காப்பாற்ற முடியாது.

அதனால் அவளை யாரும் விருந்துக்கு அழைத்ததில்லை. அவள் தெருவில் வந்தால் கதவுகள் சாத்திக்கொள்ளும்.

அவளுக்குக் கணவன் இருந்தான். பெயர் வளவன். ஆனால் அவன் இருந்தது ஏற்றச்சாலையில். ஆற்றை அரண்மனைவரை ஏற்றி அனுப்பும் இடம் அது. அங்கே ஏற்றம் மிதிப்பவர்கள் வீடு திரும்புவதில்லை. ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் அவர்களுக்கு ஓய்வு. குமுதவல்லியின் கல்யாணமே ஏற்றச்சாலைச் சன்னல் வழியாகத்தான் நடந்தது. வீட்டில் இரண்டு தலையணை போட்டு வைத்திருந்தாள். ஒன்றில் அழுக்கே ஏறவில்லை. சுவரில் காதை வைத்தால் தப், தப் என்று அவன் மிதிக்கும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டபடியே சமைப்பாள், சாப்பிடுவாள், கண்ணயர்வாள்.

ஒரு நாள் அரசர் கண்ணாடியில் தம் நாட்டைப் பார்த்தார். பருத்துவிட்டதாகத் தோன்றியது. உடனே மெலிவுத் திட்டம் பிறந்தது. துறைமுக வாசல் மூடப்பட்டது. "வெளிக்கல்லை நம்பி வாழ்ந்த இழிவு இன்றோடு ஒழிந்தது" என்று முரசறைந்தார்கள்.

அரண்மனை இனிப்பு நீர் மட்டுமே குடிக்கும்; இனிப்பும் படகில்தான் வரவேண்டும். இனிப்புக் கிடங்கு ஒரே நாளில் காலியானது. அவை கூடியது.

"எண்ணெய்க் கிடங்குகள் நிரம்பி வழிகின்றனவே" என்றார் கிடங்கு அதிகாரி.

"அரண்மனை எண்ணெய் குடிப்பது மரபன்று" என்றார் தலைமை அமைச்சர் கண்டராயர். "கல்லைக் காய்ச்சினால் இனிப்புக் கஞ்சி கிடைக்குமாம். கைச்சேரியிலும் கால்சேரியிலும் கல் ஏராளம். அங்குள்ளவர்கள் சும்மா சுமைதானே தூக்குகிறார்கள்?"

மறுநாள் சட்டம் வந்தது: இனி எல்லாச் சுவரும் கோணல் என்றே கொள்ளப்படும், தட்டிப் பார்ப்பது குற்றம்.

குமுதவல்லி கைச்சேரியில் முதல் வீட்டு வாசலில் நூலை எடுத்தபோது, உள்ளிருந்து மருதி என்பவள் ஓடிவந்தாள்.

"நேத்துக் கட்டின வீடுடி. ஒரு தட்டுத் தட்டித்தான் பாரேன்!"

"தட்டக் கூடாதுன்னு உத்தரவு, அக்கா."

"தட்டிப் பாக்குறவளாச்சேன்னுதான் இத்தனை நாளா உனக்குப் பயந்தோம். இப்போ உன்கிட்ட அதுவும் இல்ல. கட்டிட்டுப் போ."

அன்றைக்கு யாரும் கதவைச் சாத்தவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சேரிகள் பாதியாயின. மக்கள் கருத்தும் முறைப்படி கேட்கப்பட்டது. எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார்கள். கையைத் தூக்க யாருக்கும் வலுவில்லை. திட்டம் ஒருமனதாக ஏற்கப்பட்டது என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஏற்றச்சாலையின் முறை வந்தது. நல்ல கெட்டிக் கல், நிறையக் கஞ்சி கிடைக்கும் என்றார் கண்டராயர்.

குமுதவல்லி சன்னலருகே போய் நின்றாள்.

"என்ன குமுதா, நூலோட வந்திருக்க? எனக்குச் சட்டை தைக்கப் போறியா?" வளவன் மிதிப்பதை நிறுத்தாமல் சிரித்தான். இளைத்துப் போயிருந்தான்.

"உங்க வாசல்ல கட்டச் சொல்லிட்டாங்க."

"அப்போ நான் வீட்டுக்கு வரலாமா?"

"வரலாம்ங்க."

"ரெண்டாவது தலையணை இன்னும் இருக்கா?"

அவள் வாசலுக்குப் போய் முதல் முடிச்சைப் போட்டாள். அவன் படியேறி வருவதுபோல் இருந்தது. இரண்டாவதைப் போட்டாள். மனதுக்குள் அவனுக்குச் சோறு போட்டாள். மூன்றாவதைப் போட்டபோது அவன் பக்கத்தில் படுத்திருந்தான். நான்காவதற்கு நூலைச் சுற்றியவள், பழக்கத்தில் சுவரைத் தட்டிவிட்டாள். வெண்கலம்போல் கணீரென்றது.

நூலை விட்டுவிட்டு, மேற்பார்வைக்கு வந்து நின்ற கண்டராயர் பக்கம் திரும்பினாள்.

"சுவர் நேராத்தான் இருக்குங்க, ஐயா."

"நேர், கோணல் எல்லாம் அவை முடிவு செய்யும்" என்றார் கண்டராயர். "மூன்றோடு நிறுத்துவது அரசை அவமதிப்பது. நாட்டு நலன் கருதி நாமே போடுகிறோம்." தம் வாழ்நாளில் முடிச்சே போட்டிராத அவர், சுவரைத் தொடாமலே நான்காவதைப் போட்டார்.

கல் பிரிந்தது. கஞ்சி கொதித்தது. ஆற்றங்கரையில் பெரிய அண்டாவில் மணக்க மணக்க இருந்தது. அதை மேலே ஏற்ற வேண்டியது ஏற்றச்சாலை என்பது அப்போதுதான் அவையின் நினைவுக்கு வந்தது. உச்சியில் அறிவிப்பாளர், "நம் நாடு மெலிந்து அழகு பெற்றதை முன்னிட்டு" என்று தொடங்கினார். மீதி கேட்கவில்லை. அரண்மனையின் இரண்டு சாளரங்களிலும் வெளிச்சம் மங்கியது.

வளவன் வீட்டுக்கு வந்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவை. கட்டிலில் உட்கார்ந்து, அழுக்கேறாத தலையணையைத் தடவிப் பார்த்தான். கால்கள் மட்டும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தன.

"என்ன குமுதா, ஊரே இவ்வளவு அமைதியா இருக்கு?"

"எப்பவும் உங்க மிதிச் சத்தம் கேட்டுட்டே இருக்கும்ங்க, அதான்" என்றாள்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தப் என்று ஒரு மிதி. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அவள் தரையில் காதை வைத்து அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.