ரிப்பேரா, புதுசா?

“செத்துப்போச்சு,” என்றாள் ஆர்டிஸ்.

“சாகல. யோசிக்குது,” என்றார் வெண்டெல்.

கணவனும் மனைவியும் பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு முன்னால் கோட்டும் கையுறையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். அது டக் என்றது. உம்ம்ம் என்று முக்கியது. பிறகு ப்ச் என்று விட்டுவிட்டது. காலையிலிருந்து இதே கூத்து. வெளியே மூக்குமுடி உறைந்துபோகிற குளிர். உள்ளேயும் அதற்குப் பெரிய வித்தியாசமில்லை.

“புதுசு வாங்கிடலாம், வெண்டெல்.”

“நல்லா இருக்குற பொருளத் தூக்கிப் போடச் சொல்றியா?”

“நல்லா இருந்தா நான் ஏன் வீட்டுக்குள்ள குல்லா போட்டுட்டு நிக்கிறேன்?”

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் சோல்வே கைக்குழந்தையோடு காரில் வந்துகொண்டிருந்தாள். குழந்தைக்கு முதல் கிறிஸ்துமஸ். வீடு கதகதப்பாக இல்லையென்றால் வண்டி நேராக ஃபார்கோவில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும். அங்கே பாத்ரூம் தரைகூடச் சுடுமாம். அதைப் பற்றி அந்த சம்பந்தியம்மா தன் கிறிஸ்துமஸ் கடிதத்தில் ஒரு பத்தி முழுக்க எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தாள். அந்த அம்மாள் மடியில் பேரக்குழந்தை முதல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதை நினைத்தாலே ஆர்டிஸுக்கு அந்தக் குளிரிலும் உடம்பு கொதித்தது.

ஆகவே ஃபர்னஸ் கம்பெனிக்கு அவள் எப்போதோ போன் போட்டுவிட்டாள். ஆள் வருவார் என்று சொல்லியிருந்தார்கள்.

காலிங்பெல் அடித்தது. வெண்டெல் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். காது மூடிய தொப்பி, தடிமனான ஓவரால், தாடியெல்லாம் பனி. அப்படி ஒருவர் நின்றிருந்தார்.

“அப்பாடா, வந்துட்டீங்களா! உள்ள வாங்க, கதவ மூடுங்க!”

“வணக்கங்க. வந்து... ஒரு சின்ன விஷயம்...”

“சின்ன விஷயமேதான்! அதத்தான் இவகிட்ட காலையிலேர்ந்து கத்திட்டிருக்கேன்!”

ஆர்டிஸ் காபியோடு வந்தாள். “குடிங்க.”

“வேணாங்க.”

“சும்மா குடிங்க.”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“குடிக்கலன்னா கீழதான் கொட்டப் போறேன்.”

“அப்படின்னா... அரைக் கப்.”

எங்கள் மினசோட்டாவில் காபி வேண்டும் என்று சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

வந்தவரைக் கையைப் பிடித்து பேஸ்மென்டுக்கு இழுத்துப்போனார் வெண்டெல். வந்தவர் ஃபர்னஸை மேலும் கீழும் பார்த்தார். ஏதாவது சொல்லாவிட்டால் மரியாதையில்லை என்பதுபோல் தொண்டையைச் செருமினார்.

“ம்ம். வித்தியாசமாத்தான் இருக்கு.”

“பாத்தியா!” என்று குதித்தாள் ஆர்டிஸ். குதிக்காமல் என்ன செய்வாள்? நாம் சமைத்ததை இங்கே ஒருவர் ‘வித்தியாசமா இருக்கு’ என்றால், அதை நாய்க்குப் போட்டுவிட வேண்டியதுதான்.

வந்தவருக்கு வெண்டெலின் முகத்தைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. “ஆனா, இதவிட மோசமா இருந்திருக்கலாம்,” என்றார்.

“பாத்தியா!” என்று இப்போது வெண்டெல் குதித்தார். ஏனென்றால் எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் ‘பிரமாதம்’.

“ஏங்க, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்தானே?” என்றாள் ஆர்டிஸ்.

“வாங்கலாங்க...”

“ரிப்பேர் பண்ணாலும் ஓடும்ல?” என்றார் வெண்டெல்.

“ஓடலாங்க... அதுக்கில்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“அவருக்காகப் பூசி மெழுகாதீங்க!” என்றாள் ஆர்டிஸ். “முப்பது வருஷமா நான் அதத்தான் பண்ணிட்டிருக்கேன். உங்களுக்கும் அந்த வேலை வேணாம்.”

வெண்டெலுக்கு ரோஷம் வந்துவிட்டது. காஸை மூடினார், கரண்டை நிறுத்தினார், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். “இந்த ஃபேனக் கழட்டிப் பாத்துடலாமா?”

“கழட்டணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா... கழட்டலாந்தாங்க.”

“கேட்டியா ஆர்டிஸ்? இது தொழில் தெரிஞ்சவங்க பேச்சு!”

ஃபேன் கழன்றது. கழன்றதை வந்தவர் கையில் கொடுத்தார் வெண்டெல். ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தையை வாங்குவதுபோல் அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்து ஒரு தகடு. அடுத்து நாலைந்து ஒயர். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று வெண்டெல் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு போல்ட் உள்ளே விழுந்து, கலகலவென்று உருண்டு, எங்கோ ஆழத்தில் போய்ச் செட்டிலானது.

“பரவால்லங்க,” என்றார் வந்தவர் ஆறுதலாக.

இதற்குள் ஆர்டிஸ் மாடிக்குப் போயிருந்தாள். குழந்தைக்கான அறையையாவது சூடாக்குவோம் என்று, வீட்டிலிருந்த மின்சார ஹீட்டர்களையெல்லாம் ஒரே அறையில் சொருகினாள். ஃபியூஸ் போனது. வீடு இருண்டது. பேஸ்மென்ட் கன்னங்கரேல் என்றானது.

“யாரும் நகராதீங்க!” என்று கத்திக்கொண்டே வெண்டெல் நகர்ந்தார்.

நொறுக்.

“எதுமேல மிதிச்சேன்?”

இருட்டில் ஒரு வாய் காபி உறிஞ்சும் சத்தம் கேட்டது. “ஃபேன்தாங்க,” என்றார் வந்தவர். “கீழ வச்சது என் தப்பு. மன்னிச்சிடுங்க. காபி ஆறிட்டிருந்துச்சு.”

ஆர்டிஸ் டார்ச்சோடு இறங்கி வந்தாள். வெளிச்சத்தில் ஃபேன், மிதிபட்ட அப்பளம் மாதிரி கிடந்தது. அவள் டார்ச்சை அதன்மேலிருந்து எடுக்கவேயில்லை. திட்டியிருந்தால்கூட வெண்டெல் தாங்கியிருப்பார்.

“சரி,” என்றார். “நீ ஜெயிச்ச. புதுசே வாங்கிடலாம்.” வந்தவர் பக்கம் திரும்பினார். “எப்பங்க மாட்டுவீங்க? பேத்தி வரதுக்குள்ள முடிஞ்சிடுமா?”

“இல்லங்க, அது வந்து...”

போன் அடித்தது. மகள். ஆர்டிஸ் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவோம். வீடு கதகதப்பா இருக்கா?”

ஆர்டிஸ் கணவனைப் பார்த்தாள். உருக்குலைந்த ஃபேனைப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

“வித்தியாசமா இருக்குடி,” என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. மினசோட்டாவில் பிறந்து வளர்ந்த பெண், விளக்கம் தேவைப்படவில்லை. “புரியுதும்மா. பாப்பாவ வச்சுட்டு ரிஸ்க் எடுக்க முடியாது. ஃபார்கோ ரோட்டுல திரும்பிக்கிறோம். அப்பாவத் திட்டாத.”

போன் அணைந்தது.

வெண்டெல் படிக்கட்டில் உட்கார்ந்தார். ஆர்டிஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல்முறையாக அந்த வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

அந்த இடைவெளிக்காகவே காத்திருந்தவர்போல, வந்தவர் காலிக் கப்பைப் பத்திரமாகக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

“நான் பக்கத்து வீட்டுக்குப் புதுசா குடிவந்திருக்கேங்க, காலையில மெஷின் போட்டுப் பனி தள்ளுனதுல எல்லாம் பறந்து வந்து உங்க ஃபர்னஸ் புகை வெளிய போற குழாய மூடிடுச்சு, அது அடைச்சா ஃபர்னஸ் ஓடாது, சொல்லாம கொள்ளாம உங்க எடத்துல கால் வைக்கக் கூடாதேன்னு, அந்தப் பனியத் தோண்டி எடுத்துடட்டுமான்னு கேக்கத்தான் வந்தேன்.”